மலையக வகுப்பறையில் எரிமலை, புவித்தகடு, வானிலை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலையகப் பாடசாலைகளில் தரம் 10 முதல் உயர்தரம் வரை புவியியலும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காக, சிறப்பாகப் புதிதாகப் பணியில் சேர்ந்தவர்களுக்காக, இப்பக்கத்தை எழுதுகிறேன். ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் இப்பாடங்களைக் கற்பித்துவரும் எனக்குச் சக ஆசிரியர்களிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளே இங்கு உள்ளன.

எரிமலை, புவித்தகடு, வானிலை ஆகிய மூன்றில் எதை முதலில் கற்பிக்க வேண்டும்?

பாடநூல் எந்த ஒழுங்கில் இருந்தாலும், வானிலையிலிருந்து தொடங்குவதே நம் மாணவர்களுக்குப் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. எரிமலையை அவர்கள் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். மூடுபனி எந்த நேரத்தில் மலையேறும், எந்தப் பக்கம் இடி கேட்டால் மழை நம் தோட்டத்துக்கு வரும், எந்த மாதத்தில் கொழுந்து குறையும் என்பவற்றை அவர்கள் சிறுவயதிலேயே அறிந்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் சம்பளம் மழையோடும் வெயிலோடும் பிணைந்திருக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு வானிலை அந்நியமான பாடமன்று. அந்த அறிவை அளவீடாகவும் காரணமாகவும் மாற்றிக் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரியாத புவித்தகட்டைப் பற்றிப் பேசும்போதும் 'இதற்கு என்ன சான்று?' என்று அப்பிள்ளை கேட்கத் தொடங்கும்.

வானிலைக்குப் பிறகு காலடியில் உள்ள பாறை, அதன் பிறகு தகடுகள், இறுதியில் எரிமலை என்ற வரிசையையே நான் பின்பற்றுகிறேன்.

சிவனொளிபாதமலை ஒரு காலத்தில் எரிமலையாக இருந்ததா?

இல்லை. கூம்பு வடிவத்தைப் பார்த்து மாணவர்கள் இதைக் கேட்பது இயல்பானது, கேட்கவும் வேண்டும். எரிமலையின் கூம்பு, உள்ளிருந்து வெளிவந்த குழம்பும் சாம்பலும் அடுக்கடுக்காகப் படிந்து உண்டாவது. 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை, சுற்றியிருந்த பாறை மழையாலும் ஆறுகளாலும் அரிக்கப்பட்டு நீங்கியபின் எஞ்சி நிற்கும் பாறை. முன்னது குவித்துக் கட்டியது, பின்னது செதுக்கி எடுத்தது. இரண்டின் வடிவமும் ஒத்திருக்கலாம், வரலாறு வேறு.

இதை வாயால் சொல்வதைவிடக் கல்லைக் காட்டுவது மேல். எரிமலைக் கல் பெரும்பாலும் நுண்மணிகளால் ஆனதாகவோ, வாயுக் குமிழ்கள் விட்டுச்சென்ற துளைகள் நிறைந்ததாகவோ இருக்கும். நம் வீதியோர வெட்டுமுகங்களில் கிடைக்கும் கல்லில் கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள் ஓடும், கண்ணால் பார்க்கக்கூடிய பளிங்குகள் இருக்கும், பல இடங்களில் சிவந்த கார்னெட் மணிகளும் பதிந்திருக்கும். இப்பட்டைகள், ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அமுக்கத்திலும் பாறை திண்மமாகவே இருந்து உருமாறியதற்கான அடையாளம். வகுப்புக்கு ஒரு கைப்பிடி உடைகல் எடுத்துவரச் சொல்லுங்கள், ஆய்வுகூடம் தேவையில்லை.

எரிமலையும் இல்லை, தகட்டின் விளிம்பும் இல்லை என்றால், மத்திய மலைநாடு எப்படி இவ்வளவு உயர்ந்தது?

நல்ல மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. விடையை இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பாறையின் வயது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம் கேம்பிரியன் காலத்துக்கு முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆனது. மலைநாடு அமைந்துள்ள பகுதியைப் புவிச்சரிதவியலாளர் உயர்நிலத் தொகுதி என்கின்றனர். சார்னொக்கைட்டு, குவாட்சைட்டு, பளிங்குக்கல் போன்றவை இதிலுள்ளன. ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கொண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இலங்கை, தென்னிந்தியா, மடகஸ்கார், கிழக்கு அந்தாட்டிக்கா ஆகியவை அருகருகே இருந்தன. அக்கண்ட மோதலில் நம் பாறைகள் 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் வெந்து உருமாறின. இன்று நம் காலடியில் இருப்பது, ஒரு காலத்தில் இமயமலையைப் போன்று உயர்ந்திருந்த மலைத்தொடரின் அடித்தளம். மேலே இருந்த பாறை முழுவதும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து கடலுக்குப் போய்விட்டது.

இரண்டாவது, இன்றைய உயரம். தீவின் தரையமைப்பு கரையோரச் சமவெளி, இடைநிலப் படி, உயர்நிலப் படி என மூன்று படிகளாக உள்ளதைத் தேசப்படத்திலேயே காணலாம். நிலம் கட்டங்கட்டமாக மேலுயர்ந்ததால் படிகள் உண்டாயினவா, அரிப்பு மட்டுமே செதுக்கியதா என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலமாக விவாதம் உள்ளது. வன்மையான பாறை நின்றது, மென்மையானது தேய்ந்தது என்பதில் விவாதமில்லை. ஹோட்டன் சமவெளியின் உலக முடிவில் நின்று கீழே பார்த்த மாணவருக்கு இரு படிகளுக்கிடையிலான விளிம்பு எது என்று விளக்கவே தேவையில்லை. விஞ்ஞானத்தில் இன்னும் முடியாத விவாதங்கள் உண்டு என்பதை நம் சொந்த மலையைக் கொண்டே காட்டக் கிடைத்த இந்த வாய்ப்பைத் தவறவிட வேண்டாம்.

கன்னியாவில் வெந்நீரூற்று இருக்கிறதே, அது எரிமலையின் அடையாளம் அல்லவா?

இல்லை. திருகோணமலையின் கன்னியா, அம்பாந்தோட்டையின் மகாபெலெஸ்ஸ, அம்பாறையின் மகாஓயா ஆகிய இடங்களின் ஊற்றுகளுக்கும் எரிமலைக்கும் தொடர்பில்லை. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீற்றர் ஆழத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை உயர்கிறது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழமாக இறங்கிச் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைவாக மேலேறுகிறது. அவ்வளவுதான்.

பூமிக்குள் முழுவதும் நெருப்புக் குழம்பு என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

இந்தப் பிழை மாணவர்களிடம் மட்டும் இல்லை, பல வழிகாட்டி நூல்களின் படங்களிலும் இருக்கிறது. மெல்லிய புவியோட்டுக்குக் கீழே செந்நிறக் குழம்புக் கடல் ஒன்று வரையப்பட்டிருக்கும். அதைப் பார்த்த பிள்ளை, ஓட்டில் எங்கு துளை விழுந்தாலும் எரிமலை வரும் என்று நம்புவதில் வியப்பில்லை.

புவியோட்டுக்குக் கீழுள்ள மான்டில் படை ஏறத்தாழ 2900 கிலோமீற்றர் ஆழம் வரை செல்கிறது, அதன் மிகப் பெரும்பகுதி திண்மப் பாறை. நீண்ட காலத்தில் அது மிக மெதுவாகப் பாய்கிறது. உள்ளே உண்மையில் திரவமாக இருப்பது அதற்கும் கீழுள்ள இரும்பாலான வெளி அகணி. புவிநடுக்க அலைகளில் குறுக்கலைகள் திரவத்தில் செல்லமாட்டா. அவை மான்டிலைக் கடக்கின்றன, வெளி அகணியைக் கடப்பதில்லை. இதுவே சான்று.

அப்படியானால் குழம்பு எங்கிருந்து வருகிறது? இங்கு நம் மலை உதவுகிறது. நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையில் கொதிக்கிறது, கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிறது. அமுக்கம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்பதை நம் பிள்ளைகள் வெப்பமானியில் தாங்களே வாசிக்கலாம். பாறையின் உருகுநிலைக்கும் இதையொத்த விதி உண்டு. சமுத்திர நடுத்தொடர்களில் சூடான திண்மப் பாறை மேலேறும்போது அமுக்கம் குறைகிறது, வெப்பம் கூடாமலேயே அதன் ஒரு பகுதி உருகுகிறது. ஒரு தகடு மற்றொன்றின் கீழ் அமிழும் இடங்களில் காரணம் வேறு: அமிழும் தகடு கொண்டுசெல்லும் நீர் மேலுள்ள பாறைக்குள் கசிந்து அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. இந்த இரண்டையும் புரிந்துகொண்ட மாணவர், எரிமலைகள் ஏன் சில வரிசைகளில் மட்டும் இருக்கின்றன, நம் தீவில் ஏன் இல்லை என்பதைத் தானே சொல்லிவிடுவார். நமக்கு மிக அண்மையில் உயிர்ப்புடன் உள்ள எரிமலை அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு. நீண்ட காலம் அடங்கியிருந்து 1991 இல் மீண்டும் வெடித்த அது, தகடு அமிழும் வரிசையிலேயே அமைந்துள்ளது.

தகடுகள் நகர்கின்றன என்பதை மாணவர் நம்பும்படி காட்ட முடியுமா?

முடியும். ஆனால் கொள்கையை முதலில் சொல்லிவிட்டால் அது மனனமாகிவிடும். நான் ஒரு பெரிய உலகத் தேசப்படத்தைச் சுவரில் ஒட்டி, அண்மைய மாதங்களில் பதிவான புவிநடுக்கங்களின் அகலக்கோடு, நெடுங்கோடு விபரங்களை மாணவர்களுக்குப் பத்துப் பத்தாகப் பிரித்துக் கொடுக்கிறேன். ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவை நிறுவனம் இவ்விபரங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. நாற்பது பிள்ளைகள் சிவப்புப் பேனையால் புள்ளியிட்டு முடித்ததும், பசிபிக்கைச் சுற்றியும் அத்திலாந்திக்கின் நடுவிலும் சுமாத்திராவின் ஓரத்திலும் கோடுகள் தாமாகத் தோன்றும். நான் எதுவும் சொல்லாமல் காத்திருப்பேன். 'சேர், ஏன் இலங்கையில் ஒரு புள்ளிகூட இல்லை?' என்று யாராவது ஒருவர் கேட்டவுடன் பாடம் தொடங்குகிறது.

பிறகு வரலாறு. அல்பிரெட் வெகனர் 1912 இல் கண்டங்கள் நகர்ந்தன என்றபோது, நகர்த்தும் விசையைக் காட்ட முடியாததால் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அவர் 1930 இல் கிரீன்லாந்தில் இறந்தார். கடற்படுக்கை அளக்கப்பட்டு, அது விரிவடைகிறது என்ற கருத்து 1960களில் நிலைபெற்ற பிறகே கொள்கை ஏற்கப்பட்டது. இன்று செய்மதிகளால் நகர்வை நேரடியாக அளக்கிறார்கள். நம் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் வடகிழக்காகச் செல்கிறது, அதாவது உங்கள் வகுப்பிலுள்ள 16 வயது மாணவி பிறந்த நாளிலிருந்து இத்தீவு ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நகர்ந்துள்ளது. அந்த நீளத்தைக் கரும்பலகையில் கோடாக வரைந்து காட்டுங்கள்.

நகர்த்தும் விசையைப் பற்றி ஒரு சொல். கொதிக்கும் பாத்திரத்தில் மிதக்கும் துண்டுபோல மேற்காவுகை ஓட்டமே (சூடானது மேலேறிக் குளிர்ந்தது கீழிறங்கும் ஓட்டம்) தகட்டைச் சுமந்து செல்கிறது என்ற விளக்கம் போதாது. அமிழும் தகட்டின் குளிர்ந்த, பாரமான முனை மீதியை இழுப்பதே முதன்மையான விசை என்று இன்று கருதப்படுகிறது. நனைந்த துவாய் ஒன்றை மேசையில் விரித்து, ஒரு பகுதியை விளிம்பில் தொங்கவிடுங்கள். தொங்கும் பகுதி போதிய அளவு பாரமானதும் முழுத் துவாயும் வழுக்கி இறங்கும்.

வினாகிரியும் சோடா மாவும் கொண்டு செய்யும் எரிமலை மாதிரி பயனுள்ளதா?

கண்காட்சிக்கு அழகானது, பாடத்துக்குப் பயன் குறைவு. அதில் நடப்பது அமிலமும் காரமும் தாக்கமுறுவது. எரிமலையில் அவ்வாறான தாக்கம் இல்லை. குழம்பில் கரைந்திருந்த நீராவியும் பிற வாயுக்களும் அமுக்கம் குறையும்போது குமிழ்களாகப் பிரிவதே வெடிப்பை உண்டாக்குகிறது. குலுக்கிய சோடாப் போத்தலின் மூடியைத் திறப்பது அதற்கு எவ்வளவோ நெருக்கமான உவமை, செலவும் குறைவு.

அதைவிட முக்கியமானது குழம்பின் பாகுத்தன்மை. ஒரு குவளையில் நீர், மற்றொன்றில் கித்துல் பாணி எடுத்து, இரண்டிலும் உறிஞ்சுகுழாயால் ஊதச் சொல்லுங்கள். நீரில் குமிழ் எளிதாக வெளியேறும், பாணியில் சிக்கி ஊதிப் பெருத்துத் தெறிக்கும். ஹவாயின் கிலாவேயாவில் குழம்பு ஆறாக ஓடுவதற்கும், 1980 இல் அமெரிக்காவின் சென் ஹெலன்ஸ் மலையும் 1991 இல் பிலிப்பைன்ஸின் பினட்டுபோவும் வெடித்துச் சிதறியதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு குவளைகள் காட்டிவிடும்.

இலங்கையில் புவிநடுக்கமே வராதா?

விளிம்பிலிருந்து தொலைவில் இருப்பதால் ஆபத்து குறைவு, அறவே இல்லை என்று சொல்லக்கூடாது. 2020 இன் பிற்பகுதியில் கண்டி மாவட்டத்தின் திகன பகுதியில் சிறு அதிர்வுகள் உணரப்பட்டன. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் நாட்டின் நிலையங்களைக் கண்காணிக்கிறது, பல்லேகலையிலுள்ள நிலையம் உலக வலையமைப்பின் ஓர் அங்கம். தகட்டின் உட்பகுதியிலும் பெரும் நடுக்கம் நிகழலாம் என்பதற்கு 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த 8.6 அளவிலான நடுக்கம் சான்று.

2004 டிசம்பர் 26 ஐத் தவிர்த்து இப்பாடத்தை நடத்த முடியாது. 9.1 அளவிலான அந்த நடுக்கத்தின் மையம் நமக்கு ஏறத்தாழ 1600 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. அலை ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் கிழக்குக் கரையை அடைந்தது. வேகத்தை மாணவர்களே கணிக்கட்டும்: மணிக்கு 800 கிலோமீற்றர், ஒரு ஜெட் விமானத்தின் வேகம். இலங்கையில் 30,000 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மலையகத்திலிருந்து கரையோர நகரங்களுக்கு வேலைக்குச் சென்றவர்களின் குடும்பங்கள் உங்கள் வகுப்பிலும் இருக்கலாம் என்பதை மனத்தில் கொள்ளுங்கள்.

ஹட்டனில் அடைமழை பெய்யும்போது பதுளையில் ஏன் வெயில் எரிக்கிறது?

மலையக ஆசிரியருக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் இதுதான், இதற்கு மூன்று பாடவேளைகளையேனும் ஒதுக்குங்கள்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது, ஈரம் ஒடுங்கி முகிலாகிறது, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் பக்கமெல்லாம் மழை கொட்டுகிறது. முகடு தாண்டி ஊவாவுக்குள் இறங்கும் அதே காற்று ஈரத்தை இழந்திருக்கிறது. ஈரத்தால் நிரம்பிய காற்று ஏறும்போது, ஒடுங்கும் நீராவி வெப்பத்தை விடுவிப்பதால், கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை மட்டுமே குளிர்கிறது. உலர்ந்த காற்று இறங்கும்போது கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடேறுகிறது. அதனால் மறுபக்கம் வந்து சேரும் காற்று புறப்பட்டதைவிடச் சூடாகவும் வறட்சியாகவும் இருக்கிறது. இதைத்தான் கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என்கின்றனர். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது. 'ஃபோன் காற்று' என்று ஆல்ப்ஸ் மலையின் பெயரைச் சொல்லும்போது கச்சானையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்றுக் காலத்தில் நிலை மாறுகிறது: பதுளைப் பக்கம் மழை, மேற்குச் சரிவிலுள்ள டிம்புள பக்கம் வறட்சி. சான்று தேயிலைக் கோப்பையிலேயே இருக்கிறது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரையும், டிம்புளத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையும் தரம் மிகுந்த பருவம் என்று வாங்குபவர்கள் அறிவார்கள். இரண்டும் அந்தந்தச் சரிவின் உலர்காற்றுப் பருவங்கள். கொழுந்து குறைவாக முளைக்கிறது, சுவையும் மணமும் கூடுகின்றன. பெற்றோரின் வேலையில் உள்ள இந்த விஞ்ஞானத்தைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

எண்களையும் கொடுங்கள். வட்டவளைப் பகுதியில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றரைத் தாண்டுகிறது, ஆகாய வழியில் 30 கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவிலுள்ள நுவரெலியாவில் அது 2000 மில்லிமீற்றர் அளவே. பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தைப் புகையிரதத்தில் கடந்தவர்கள், ஒரு வாயிலில் மூடுபனியும் மறுவாயிலில் வெயிலுமாக இவ்வேறுபாட்டை நேரில் கண்டிருப்பார்கள்.

பழமொழிகளை வானிலைப் பாடத்தில் பயன்படுத்தலாமா?

தாராளமாக, ஆனால் சோதித்துப் பார்ப்பதற்காக. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்', 'ஐப்பசியில் அடைமழை', 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பவை நம் முன்னோர் 19 ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மலையேறியபோது கூடவே கொண்டுவந்த சொற்கள். தமிழகத்தின் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் இருப்பதால், அங்கு ஆடிக் காற்று பெரும்பாலும் வறண்ட காற்று. அதே ஆடி ஹட்டனில் நனைந்த மாதம், பண்டாரவளையில் வறண்ட மாதம். ஐப்பசி மழையோ இரு சரிவுகளுக்கும் பொதுவாக வரும், ஏனெனில் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இடைப்பருவம். பிற்பகல் இடிமழையும் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் தீவெங்கும் மழை தருகின்றன.

ஒரு தவணைக்கு மழைமானிக் குறிப்பை எடுத்து, எந்தப் பழமொழி நம் தோட்டத்தில் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று மாணவர்கள் எழுதட்டும். சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு, ஆடியைப் பற்றி எங்கள் மலைக்கேயுரிய ஒரு சொலவடையைக் கொண்டுவந்தாள். அன்று வகுப்பில் நான் பேசியது மிகக் குறைவு.

தையில் நுவரெலியாவில் உறைபனி பிடிக்கிறதே, வெப்பவலய நாட்டில் அது எப்படி?

உயரமே முதற்காரணம். ஒரு கிலோமீற்றர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. கொழும்பின் சராசரி 27 பாகை. ஏறத்தாழ 1880 மீற்றர் உயரத்துக்குக் கணித்தால் 15 பாகை வரும், நுவரெலியாவின் உண்மைச் சராசரியும் 16 பாகையை ஒட்டியே உள்ளது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் முகிலற்ற, காற்றசையாத இரவுகளில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. குளிர்ந்த காற்று பாரமானதால் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே மலையுச்சியிலுள்ள செடி தப்பிக்க, பள்ளத்திலுள்ள தேயிலையும் உருளைக்கிழங்கும் கருகுகின்றன. பள்ளத்தில் ஒரு வெப்பமானியும் மேட்டில் ஒன்றும் வைத்து அதிகாலை வாசித்தால் போதும்.

எங்கள் பாடசாலையில் உபகரணங்கள் இல்லை. என்ன செய்வது?

ஒன்றரை லீற்றர் போத்தலின் மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. அடிப்பகுதி சீரற்றதாக இருப்பதால் அங்கு கூழாங்கல் இட்டு, நீரூற்றிச் சமப்படுத்தி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொள்ளுங்கள். போத்தலின் பக்கங்கள் நேராக இருக்க வேண்டும். மரத்தடியிலும் கூரையோரத்திலும் வைக்கக்கூடாது. ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். பல தோட்டங்களின் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ மழைப் பதிவேடு இருக்கும். துரையிடம் முறையாகக் கேட்டால் பழைய பதிவுகளைப் பார்க்க அனுமதி கிடைக்கலாம், எங்களுக்குக் கிடைத்தது.

அமுக்கத்துக்குக் கடலைப் பக்கெற்று போதும். கொழும்பில் வாங்கியது நுவரெலியா வந்ததும் பலூன்போல ஊதிவிடும். முகிலுக்கு, ஒரு போத்தலில் சிறிது வெந்நீர் ஊற்றி, அணைத்த தீக்குச்சியின் புகையை உள்ளே விட்டு மூடி, அழுத்தி விடுவியுங்கள். விடுவிக்கும்போது உள்ளே வெண்மை தோன்றும், புகையில்லாமல் செய்தால் தோன்றுவது அரிது.

எரிமலைக்கும் வானிலைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?

உண்டு. பெரும் வெடிப்பு கந்தக வாயுவை அடிவளிமண்டலத்துக்கு மேலே அனுப்பினால், அது நுண்துளிகளாகிச் சூரிய ஒளியைத் திருப்புகிறது. 1991 இல் பினட்டுபோ உலகச் சராசரி வெப்பநிலையை ஏறத்தாழ அரைப்பாகை குறைத்தது. 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்ததன் விளைவாக 1816 இல் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடைகாலமே பொய்த்துப் பயிர்கள் அழிந்தன. சாம்பலைவிடக் கந்தகமே காலநிலையைப் பாதிக்கிறது என்பதை வலியுறுத்துங்கள். சாம்பல் சில வாரங்களில் விழுந்துவிடும்.

இணையத்தில் வேறு கலைச்சொற்கள் இருக்கின்றன. எவற்றைப் பயன்படுத்துவது?

நம் பரீட்சையில் வரும் சொற்களையே. தமிழகத் தளங்களில் நிலச்சரிவு, நிலநடுக்கம், பருவமழை என்று இருப்பது நமக்கு மண்சரிவு, புவிநடுக்கம், பருவப்பெயர்ச்சி மழை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினால் குழப்பம் தீரும். வானிலையையும் காலநிலையையும் மட்டும் மாற்றி எழுத விடாதீர்கள்: இன்றைய மழை வானிலை, முப்பது ஆண்டுகளின் சராசரி காலநிலை.

மண்சரிவில் உறவுகளை இழந்த பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது இதை எப்படிக் கற்பிப்பது?

முன்கூட்டியே அப்பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள். வேண்டுமானால் அன்று நூலகத்தில் இருக்கலாம் என்று சொல்லுங்கள். காணொளிகளைக் காட்ட வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டதும், 2016 மே மாதத்தில் அரநாயக்கவில் நிகழ்ந்ததும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல நூறு உயிர்கள் போனதும் நம் பிள்ளைகளுக்குச் செய்தி அல்ல, வீட்டுத் துயரம். ஆனாலும் பாடத்தைத் தவிர்ப்பதை நான் ஏற்கவில்லை. ஒருமுறை தவிர்த்தேன். அடுத்த வாரம், இழப்பைச் சந்தித்த மாணவனே வந்து, மலை ஏன் சரிந்தது என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றான்.

அவனுக்குச் சொன்ன விடை இதுதான். பழமையான பாறை, வெப்பமும் மழையும் மிகுந்த காலநிலையில், பல மீற்றர் ஆழத்துக்கு உக்கி மண்ணாகியிருக்கிறது. தொடர்மழையில் மண்ணின் இடைவெளிகள் நீரால் நிரம்பும்போது பாரம் கூடுகிறது, துகள்களைப் பிடித்திருக்கும் உராய்வு குறைகிறது. வடிகால் அடைபட்டிருந்தாலோ சரிவின் அடி வெட்டப்பட்டிருந்தாலோ ஆபத்து இன்னும் கூடுகிறது. யாருடைய பாவமும் அங்கு இல்லை. குடியிருக்கக் கிடைத்த இடம் எது என்பதில்தான் அநியாயம் இருக்கிறது.

மாணவர் அளக்கும் மழை உண்மையில் உயிரைக் காக்க உதவுமா?

உதவும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையைக் கடந்தால் விழிப்பு, 100 ஐக் கடந்தால் வெளியேற ஆயத்தம், 150 ஐக் கடந்தால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குக் கொண்டுள்ள அளவு. 150 மில்லிமீற்றர் என்றால் என்ன என்று பிள்ளைகள் உணர ஒரு கணக்கு: ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர். தோட்டக் குடும்பங்களுக்கு வீட்டுக்கென வழங்கப்படும் 7 பேர்ச் காணி ஏறத்தாழ 177 சதுர மீற்றர். அந்தத் துண்டு நிலத்தில் மட்டும் ஒரு நாளில் விழுந்த நீர் 26 தொன்னுக்கும் அதிகம். இந்தக் கணக்கைத் தானே செய்து பார்த்த பிள்ளை, வெளியேறச் சொன்னால் பெற்றோரையும் கிளப்பிக்கொண்டு புறப்படும்.

அளவுக்குக் குறைவான மழையிலும் சில அறிகுறிகள் போதும்: தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் மின்கம்பமும் சாய்தல், கதவு திடீரென இறுகுதல், புதிய ஊற்று தோன்றுதல் அல்லது பழைய பீலியில் நீர் நின்றுபோதல், தெளிந்த நீர் சேறாக வருதல். எங்கள் பாடசாலையில் மழைக்குறிப்பேட்டின் அட்டையில் இந்த அறிகுறிகளையும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தையும் ஒட்டியிருக்கிறோம். விடுமுறையில் அக்குறிப்பேடு பாடசாலைக்கு மிக அருகிலுள்ள லயத்து மாணவர் ஒருவரின் வீட்டுக்குப் போகிறது, மழைமானியும் கூடவே போகிறது.